மருந்து வண்டி தாமல் கலங்கலைத் தாண்டிய கதை

போன மாதம் என் மருமகனின் ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு வேன் வந்தது. கூடவே புருஷனும் பெண்டாட்டியுமாக இரண்டு பேர். வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகச் சுற்றப் போகிறார்களாம். வேனுக்குள்ளேயே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருந்தன. கூரைமேல் சூரியத் தகடு. "எங்க மாமனாரு மருந்து வண்டி ஓட்டினவரு. கரண்டே இல்லாத ஊருல வாரக்கணக்கா வண்டியிலயே கெடந்தவரு" என்று மருமகன் சொல்லி வைத்திருந்தார். அந்தப் பெண் நேரே என்னிடம் வந்துவிட்டாள்.

"தாத்தா, மழை நாள்ல வெயிலே வரலைன்னா பேட்டரி எத்தனை நாள் தாங்கும்?"

"எத்தினி லைட்டு, எத்தினி ஃபேனு, ஒவ்வொண்ணும் எம்மா நேரம் ஓடும், அத மொதல்ல சொல்லும்மா."

அவளுக்குத் தெரியவில்லை. புருஷனைப் பார்த்தாள். அவனுக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதித் தரச் சொல்லிவிட்டுப் போனார்கள். எழுத உட்கார்ந்தால் வண்டியைப் பற்றி மட்டும் எழுத முடியவில்லை. டாக்டரம்மா வந்துவிடுகிறார்.

காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் எல்லார் வீட்டிலும் தறி. எனக்குக் கால் மிதி ஓடியதே தவிர கை ஓடவில்லை. "இவன் மிதிக்கத்தான் லாயக்கு" என்று அப்பா பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒரு லாரி ஷெட்டில் விட்டார். அங்கே சில வருஷம் கிரீஸில் ஊறினேன். லைசென்ஸ் எடுத்தேன். அறுபதுகளின் நடுவில், ஊரில் இருந்த ஒரு தர்ம ஆஸ்பத்திரி மருந்து வண்டி ஒன்று வாங்கியது. அதற்கு டிரைவராகவும் மெக்கானிக்காகவும் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். பிறகு ஓய்வு பெறும்வரை அங்கேதான்.

வண்டி பெட்ரோல் வண்டி. பின்பக்கம் முழுக்கத் தகரக் கூண்டு. உள்ளே பரிசோதனைப் படுக்கை, மருந்து அலமாரி, ஐஸ் பெட்டி, கருவிகளைக் கொதிக்க வைக்க மண்ணெண்ணெய் ஸ்டவ். பின்னால் தனியாக ஒரு ஜெனரேட்டர். ஊருக்கு ஊர் போவோம். பள்ளிக்கூடத்து மைதானத்திலோ கோயில் தோப்பிலோ நிறுத்துவோம். சில நாள் தங்கி வைத்தியம் பார்த்துவிட்டு அடுத்த ஊர். டாக்டரம்மாவும் நர்ஸ் சிஸ்டர் கிரேஸும் கூண்டுக்குள் படுப்பார்கள். நான் வண்டிக்கு அடியில் கித்தான் விரித்துப் படுப்பேன்.

டாக்டரம்மா பெயர் லீலாவதி. தெற்கத்திச் சீமைக்காரர். குள்ளம். குரல் மட்டும் நெட்டை. கோபம் வந்தால் என்னை "மிஸ்டர் கன்னியப்பன்" என்பார், மற்ற நேரம் "கன்னியப்பா". ஊருக்குள் நுழைந்ததும் முதலில் இறங்குவார். நோயாளியைப் பார்க்கமாட்டார், தரையைப் பார்ப்பார். ஒரு தம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கூண்டின் தரையில் வைப்பார். தண்ணீர் சாய்ந்திருந்தால் சக்கரத்துக்கு அடியில் கல் வைத்துச் சரி செய்யும்வரை படுக்கையில் யாரையும் படுக்க விடமாட்டார். "தலை தாழ்ந்து கிடக்கிறவனுக்கு நான் என்ன வயித்தைத் தொட்டுப் பாக்கிறது?" என்பார். வண்டியில் தூங்கப் போகிறவர்களுக்கும் அதையே சொல்கிறேன். தம்ளர் வைத்துப் பாருங்கள். சாய்ந்த வண்டியில் தூங்கி எழுந்தவனுக்கு மறுநாள் கழுத்து வேலை செய்யாது.

அவருடைய இன்னொரு சட்டம், வண்டியின் மூக்கு எப்போதும் வந்த வழியைப் பார்த்து நிற்க வேண்டும். அவசரத்தில் கிளம்பும்போது ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. கிளம்ப வேண்டுமென்றால் பானட்டின்மேல் உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டு தட்டுவார். மாட்டைத் தட்டி எழுப்புவது போல. அந்த இடத்தில் பெயின்ட் தேய்ந்து பளபளவென்று இருக்கும். ஒவ்வொரு வருஷமும் நான் அங்கே பெயின்ட் அடிப்பேன். அவர் தேய்ப்பார்.

மின்சாரத்தைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரிந்தது, எது இல்லாமல் முடியுமோ அதை முதலில் அணைத்துவிட வேண்டும் என்பதுதான். எங்கள் ஜெனரேட்டர் சின்னது. கொஞ்சம் விளக்கும், சளியையும் ரத்தத்தையும் உறிஞ்சி எடுக்கும் சிறு பம்பும் ஓடினால் அதற்கு மேல் தாங்காது. திருப்புட்குழியில் ஒரு கல்யாண வீட்டார் பந்தலுக்கு விளக்குக் கேட்டார்கள். டாக்டரம்மா ஒரே ஒரு பல்பு கொடுக்கச் சொன்னார். நான் சாப்பிடப் போன நேரம் பார்த்து, ரேடியோ செட்காரன் அந்த ஒயரிலேயே ஸ்பீக்கரையும் மாட்டிவிட்டான். ஜெனரேட்டர் முக்க ஆரம்பித்தது. வண்டிக்குள் ஒருவர் காலில் ஆணி எடுத்துக்கொண்டிருந்த டாக்டரம்மாவின் விளக்கு மங்கிப்போனது. கையில் இடுக்கியோடு அவர் பந்தலுக்குள் நுழைந்தார். மாப்பிள்ளை மணையிலிருந்து எழுந்தே விட்டான். "நீ உக்காரு. உன்னைத் தேடி வரலை" என்றார். பெண் வீட்டார் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. ஒயரைப் பிடுங்கிவிட்டு, ஒரு லட்டு வாங்கித் தின்றுகொண்டே திரும்பி வந்தார்.

பேட்டரியில் பாதிக்கு மேல் எடுக்காதீர்கள். வண்டியைக் கிளப்பும் பேட்டரி வேறு, விளக்குக்கு வேறு என்று இருந்தால் நிம்மதி. எங்களுக்கு ஒன்றுதான் இருந்தது. அதனால்தான் தாமலில் தவித்தோம்.

அது ஐப்பசி மழை. தாமல் பள்ளிக்கூடத்து மைதானத்தில் நின்றிருந்தோம். ஏரி நிரம்பிக்கொண்டிருந்தது. காற்று அடித்த வேகத்தில் புளியமரத்துக் கிளை ஒன்று முறிந்து நேராக ஜெனரேட்டர்மேல் விழுந்தது. தூக்கிப் பார்த்தேன். சுருள் இருந்த பக்கம் நசுங்கிக் கிடந்தது. அந்த ஊரில் வைத்துச் சரி செய்கிற வேலை இல்லை. அதன் பெட்ரோல் டாங்க் மட்டும் பிழைத்திருந்தது. கிளம்பிவிடலாம் என்று டாக்டரம்மா சொன்னார். நான் பொருள்களைக் கட்டிக்கொண்டிருக்கும்போது, ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் வெளியேறும் கலங்கல் வழியாக வழிய ஆரம்பித்துவிட்டது, ரோட்டின்மேல் இடுப்பளவு ஓடுகிறது என்று ஆள் வந்து சொன்னான்.

அந்த மழையில்தான், இருட்டுகிற நேரத்தில், முனுசாமியும் அஞ்சலையும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். ஏரிக்குக் கீழே சேரியில் இருந்தவர்கள், கூலி வேலை. பெண் குழந்தை, பெயர் செல்வி. பேச்சு நன்றாக வந்துவிட்ட வயது. மூச்சு இழுக்கும்போது கழுத்துக் குழி உள்ளே போய்ப் போய் வந்தது. சேவல் கத்துவது போல ஒரு சத்தம். உதடு நீலம் பூத்திருந்தது.

"ரெண்டு நாளா தொண்ட நோவுதுன்னுச்சும்மா. காலையிலேந்து இப்படித்தான் இஸ்துக்கினு கீது" என்றான் முனுசாமி.

டாக்டரம்மா வாயைத் திறந்து பார்த்தார். தொண்டை அடைப்பான் என்றார். உள்ளே தோல் போலப் படர்ந்து மூச்சுக் குழாயை மூடும் நோய். இப்போது குழந்தைகளுக்கு ஊசி போட்டுவிடுகிறார்கள், அதனால் பல பேருக்கு அந்தப் பெயரே தெரியாது. அன்றைக்கு அது எமன்.

"கழுத்தில் சின்னதா ஓட்டை போட்டு ஒரு குழாய் வைக்கணும். அது வழியா மூச்சு விடுவா" என்று அஞ்சலையிடம் சொன்னார். "செய்யலைன்னா பிழைக்கமாட்டா. செஞ்சா பிழைக்கலாம். இவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியும்."

அஞ்சலை குழந்தையை நீட்டினாள்.

பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்து, கையால் பிடிக்கும் விளக்கை நான் பிடித்தேன். முனுசாமி கால்களைப் பிடித்தான். டாக்டரம்மாவின் கை மெதுவாகப் போனது போல இருந்தது. ஆனால் வேலை சட்டென்று முடிந்துவிட்டது. என்னால் பார்க்க முடியவில்லை. விளக்கு ஆடாமல் இருந்தால் போதும் என்று என் முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். உஸ்ஸென்று காற்று போகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் குழந்தையின் உதடு சிவந்தது.

அதன்பிறகுதான் அஞ்சலை அழுதாள். "அம்மா, கொயந்த அய்வுது, சத்தமே வரல பாரும்மா!" என்றாள். உண்மைதான். வாய் கோணி, கண்ணில் தாரையாகத் தண்ணீர். சத்தம் மட்டும் இல்லை. குழாய் வழியாகக் காற்று வெளியே போய்விட்டால் குரல் எழும்பாது, குழாயை எடுத்தால் வந்துவிடும் என்று சிஸ்டர் கிரேஸ் திரும்பத் திரும்பச் சொன்னார். அஞ்சலை நம்பினதாகத் தெரியவில்லை.

குழாய் போட்டாயிற்று. ஆனால் சளியும் தோல்துண்டும் வந்து அதை அடைத்துக்கொண்டே இருந்தன. உறிஞ்சி எடுக்க வேண்டும். உறிஞ்சும் பம்புக்கு ஜெனரேட்டர் வேண்டும். அது கிளைக்கு அடியில் கிடந்தது. சிஸ்டர் பெரிய சிரிஞ்சில் ரப்பர் குழாய் மாட்டி இழுத்துப் பார்த்தார். அந்த இழுப்பு போதவில்லை. உதடு மறுபடி மங்கியது.

டாக்டரம்மா வண்டியின் முன் கண்ணாடியைப் பார்த்தார். கண்ணாடியில் மழை ஓடிக்கொண்டிருந்தது.

"கன்னியப்பா, அந்த வைப்பர் எதில் ஓடுது?"

அந்தக் காலத்து வண்டி அது. வைப்பருக்கு மின்மோட்டார் கிடையாது. எஞ்சின் காற்றை உள்ளே இழுக்கிறதே, அந்த இழுப்பிலேயே ஒரு சின்ன ரப்பர் குழாய் வழியாக வைப்பர் ஓடும். மேட்டில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வைப்பர் செத்துப்போகும். காலை எடுத்தால் பேயாட்டம் ஆடும். முன் சீட்டில் உட்கார்ந்து அதைத் திட்டித் தீர்ப்பவர் டாக்டரம்மாதான். திட்டித் திட்டியே அதன் குணத்தைத் தெரிந்துவைத்திருந்தார்.

"எஞ்சின் இழுப்புலம்மா" என்றேன். சொல்லும்போதே எனக்கும் புரிந்துவிட்டது. பானட்டைத் திறக்க ஓடினேன்.

வைப்பர் குழாயைக் கழற்றி அதில் நீளமான குழாயை மாட்டி ஜன்னல் வழியாக உள்ளே விட்டேன். நடுவில் ஒரு குளுகோஸ் பாட்டில். அதன் ரப்பர் மூடியில் இரண்டு குழாய், ஒன்று எஞ்சினுக்கு, ஒன்று குழந்தைக்கு. இழுத்த சளி பாட்டிலில் தங்கும், எஞ்சினுக்குப் போகாது. சிஸ்டர் குழாயை விரலால் நசுக்கி இழுப்பைக் குறைத்துக் கொண்டார். எஞ்சினைக் கிளப்பினேன். பாட்டிலில் களகளவென்று வந்து விழுந்தது. குழந்தை மூச்சு விட்டது. டாக்டரம்மா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பைத்தியம் பிடித்தவர்கள் போலச் சிரித்தோம்.

ஆனால் ஒரு சங்கடம். எஞ்சின் சும்மா மெதுவாக ஓடும்போதுதான் இழுப்பு நன்றாக இருக்கும். அந்த வேகத்தில் டைனமோ பேட்டரிக்கு ஒன்றும் ஏற்றாது. ஒவ்வொரு தடவையும் ஸ்டார்ட்டரைப் போட்டால் பேட்டரி காலியாகும். விளக்குக்கு மிச்சம் இருக்காது. அதனால் எஞ்சின் முன்னால் இரும்பு ஹாண்டிலைச் செருகி, கையால் சுற்றித்தான் கிளப்பினேன். ஜெனரேட்டர் டாங்கில் இருந்த பெட்ரோலைக் குழாய் போட்டு வண்டிக்கு மாற்றினேன். புகை உள்ளே வராதபடி காற்றுக்கு வாகாக வண்டியைத் திருப்பி வைத்தேன். எஞ்சின் ஓடுகிற வண்டிக்குள் ஆள் இருந்தால் இதை மறக்கவே கூடாது. புகை வாசனை தெரியாமலே ஆளைத் தூங்கவைத்துவிடும்.

சிஸ்டர் கூண்டைத் தட்டினால் நான் சுற்றுவேன். சளி எடுத்து முடிந்ததும் அணைப்பேன். என் தோள் தளர்ந்ததைப் பார்த்து முனுசாமி ஹாண்டிலை வாங்கிக்கொண்டான். "கட்டைவிரலும் மத்த விரலுங்க பக்கமே இருக்கட்டும்பா. எஞ்சின் எதுத்து அடிச்சா மணிக்கட்டு போயிடும்" என்று சொல்லிக் கொடுத்தேன். விடியும்வரை இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சுற்றினோம்.

விடிந்ததும் டாக்டரம்மா இறங்கி வந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"ஓட்டை மூச்சுக்குத்தான். நோயோட விஷம் உடம்பில் இருக்கு. அது இதயத்தைப் பிடிக்கும். முறிக்கிற மருந்து ஆஸ்பத்திரியில்தான் இருக்கு. இன்னிக்குப் போயாகணும்."

நான் போய்ப் பார்த்தேன். தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியிருந்தது. ஆனால் இழுப்பு குறையவில்லை. வழக்கமாக இந்த மாதிரித் தண்ணீரில் முதல் கியரில் நிதானமாக, நிற்காமல் போவேன். விசிறி தண்ணீரை வாரி எஞ்சின்மேல் அடிக்காதபடி அதன் பெல்ட்டைக் கழற்றிவிடுவேன். ஆனால் எஞ்சின் வண்டியை இழுத்தால் குழந்தைக்கு இழுப்பு இருக்காது. நடுத் தண்ணீரில் குழாய் அடைத்துக்கொண்டால்? எஞ்சின் குழந்தைக்கு ஓட வேண்டும். வண்டியை வேறு ஏதாவது இழுக்க வேண்டும்.

கலங்கலுக்குப் பக்கத்து நிலம் கோவிந்தசாமி நாயக்கருடையது. நல்ல உழவு மாடுகள் வைத்திருந்தார். கிணற்றில் ஆயில் எஞ்சினும் இருந்தது. ஒருமுறை சளி எடுத்து முடித்த கையோடு டாக்டரம்மாவும் நானும் மழையில் அவர் வீட்டுக்குப் போனோம். முனுசாமி எங்களோடு வந்தான். தெருமுனையிலேயே நின்றுவிட்டான்.

"மாட்ட வெள்ளத்துல எறக்கச் சொல்றியாம்மா? கால் முறிஞ்சா யாரு பதில் சொல்றது? எனக்கு அதுங்கதாம்மா எல்லாம்" என்றார் நாயக்கர்.

டாக்டரம்மா வாதாடவில்லை. "மாட்டைத் தர வேண்டாம். வந்து பாத்துட்டுப் போங்க" என்றார். "உங்களுக்கு அந்தத் தரை தெரியும். எங்களுக்குத் தெரியாது."

நாயக்கர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தார். கூண்டுக்குள் எட்டிப் பார்த்தார். அப்போது சிஸ்டர் தட்ட, முனுசாமி ஹாண்டிலைச் சுற்ற, பாட்டில் களகளத்தது. குழந்தை சத்தமில்லாமல் அழுதது. நாயக்கர் குனிந்து அதன் முகத்தைப் பார்த்தார். "இது முனுசாமி பொண்ணாச்சே. என் களத்துமேட்டுல ஆடிக்கினு இருக்குமே" என்றார். பிறகு கலங்கல் தண்ணீருக்குள் தானே இறங்கி, கோலால் தரையைக் குத்திப் பார்த்துக்கொண்டு மறுகரைவரை போய்த் திரும்பினார்.

"தரை கெட்டியா கீது. மாடு வரும். ஆனா கயிறு ஆளுங்களும் புடிக்கணும், இல்லாட்டி வண்டிய தண்ணி ஓரமா இஸ்துக்கினு போயிடும்."

எஞ்சினின் புகைக் குழாய் தண்ணீருக்குள் மூழ்கினால் எஞ்சின் திணறி நின்றுவிடும். அதைச் சொன்னதும் நாயக்கர் தன் ஆயில் எஞ்சினின் புகைக் குழாயையே கழற்றிக்கொண்டு வரச் சொன்னார். வண்டியின் குழாயோடு அதைச் சேர்த்து, ஈரச் சாக்கைச் சுற்றிக் கம்பியால் இறுக்கி, வாய் மேலே நிற்கும்படி கூண்டில் கட்டினேன். விசிறி பெல்ட்டைக் கழற்றினேன். தண்ணீர் புகாமலிருக்க ஸ்பார்க் பிளக் ஒயர்களின் தலையில் கிரீஸ் அப்பினேன். வண்டியைத் தண்ணீர் ஓரம்வரை ஓட்டிப் போனேன்.

மாடு கட்டிக் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற கவலைக் கயிறு கொண்டுவந்தார்கள். முன்னால் நாயக்கரின் இரண்டு ஜோடி மாடுகள். பக்கவாட்டுக் கயிற்றில் ஊர்க்காரர்களும் சேரிக்காரர்களும். யார் முன்னால், யார் பின்னால் என்று ஒரு கணம் தயங்கினார்கள். நாயக்கர் கத்தினார், "இன்னாடா பாத்துக்கினு நிக்கிற முனுசாமி? உன் பொண்ணுடா. வந்து என் பக்கத்துல புடி!"

நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டேன். நாற்பது வருஷத்துக்கு மேல் வண்டி ஓட்டியிருக்கிறேன். எஞ்சின் ஓட, மாடு இழுத்துப் போனது அந்த ஒரு தடவைதான். நடுவில் வண்டி ஓரமாக நகர்ந்தது. பின்னாலிருந்து டாக்டரம்மாவின் குரல்: "கன்னியப்பா, எஞ்சினை மட்டும் பாரு. வண்டியை அவங்க பாத்துப்பாங்க." பாட்டிலின் சத்தம் கேட்டது. எஞ்சின் இரண்டு முறை இருமியது. ஆனால் நிற்கவில்லை. மாடுகளின் முழங்கால் தண்ணீருக்கு மேலே தெரிய ஆரம்பித்தபோதுதான் நான் மூச்சு விட்டேன்.

மறுகரையில் புகைக் குழாயைக் கழற்றி நாயக்கரிடம் கொடுத்தேன். பெல்ட்டை மாட்டினேன். பிரேக்கை லேசாக மிதித்து மிதித்து ஈரத்தைக் காயவைத்துக்கொண்டு ஓட்டினேன். தண்ணீரிலிருந்து ஏறிய வண்டிக்குப் பிரேக் பிடிக்காது, அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ரோடு நன்றாக இருந்த இடங்களில் சிஸ்டர் கேட்டபோதெல்லாம் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துக் குழந்தைக்கு இழுப்புக் கொடுத்தேன். காஞ்சிபுரம் கோபுரங்கள் மழையில் தெரியவில்லை. ஆஸ்பத்திரி வாசல் வந்த பிறகுதான் ஊர் வந்துவிட்டதே தெரிந்தது.

மருந்து ஏற்றினார்கள். ஆபத்து தாண்டிவிட்டது என்று டாக்டரம்மா சொல்லச் சில நாள் ஆயிற்று. அதுவரை முனுசாமி ஆஸ்பத்திரி வாசல் வேப்பமரத்தடியில் இருந்தான். நான் அவனுக்கு வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுபோவேன். அவன் கையெல்லாம் ஹாண்டில் கொப்புளம். நாயக்கர் ஒருநாள் பால் கொண்டுவந்து வார்டு வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போனார். அஞ்சலை மட்டும் குழந்தையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழாயை எடுக்கிற அன்றைக்கு டாக்டரம்மா என்னையும் வார்டுக்குக் கூப்பிட்டார். குழாயை எடுத்து, ஓட்டையின்மேல் துணி வைத்து விரலால் மூடினார். குழந்தைக்கு வலித்திருக்க வேண்டும். அழுவதற்கு வாயைத் திறந்தது. கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. அது தன் சத்தம்தானா என்று பயந்து நிறுத்திவிட்டது. எல்லாரையும் ஒருமுறை பார்த்தது. மறுபடி திறந்து பார்த்தது. மறுபடியும் வந்தது. உடனே டாக்டரம்மாவைப் பார்த்து முழுத் தொண்டையில், "போ! நீ போ! நீ கெட்ட ஆயா!" என்று கத்தியது.

சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். டாக்டரம்மாவும் சிரித்தார். விரலை மட்டும் எடுக்கவில்லை. அஞ்சலை கட்டிலின் பக்கத்தில் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னொரு வாட்டி திட்டுடி, கண்ணு" என்றாள்.

அது திட்டியது.